கோவைப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது: குடி போகலாமா, வேண்டாமா?

'கோயம்புத்தூரில் வேலை' என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆர்டரை வாங்கிப் பார்த்தால் யூனிட் அன்னூருக்கும் கருமத்தம்பட்டிக்கும் நடுவில் ஏதோ ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் இருக்கும். 'திருப்பூர்' என்றால் அது பல்லடமாகவோ பெருமாநல்லூராகவோ இருக்கலாம். 'ஈரோடு' என்பது பெருந்துறை சிப்காட்டாக இருக்கும். கொங்கு நாட்டுத் தொழில்கள் நகரத்துக்குள் அடங்கிக் கிடப்பவை இல்லை. ஊருக்கும் ஊருக்கும் நடுவே ரோட்டோரமாகச் சிதறிக் கிடக்கின்றன. வேலைக்கு வருகிறவர் குடியேறுவதும் அப்படி ஒரு பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ உள்ள லேஅவுட்டில்தான்.

சம்பளத்தையும் வாடகையையும் எல்லாருமே பார்த்துவிடுகிறார்கள். வந்த ஆறாவது மாதம் சாமான்களை ஏற்றிக்கொண்டு திரும்புகிறவரிடம் காரணம் கேட்டால், தண்ணீர், வேலை நேரம், கடைசி பஸ் என்று வேறு மூன்றைச் சொல்வார். இந்த மூன்றையும் சென்னையிலோ தேனியிலோ விழுப்புரத்திலோ உட்கார்ந்துகொண்டு போனில் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் இரண்டு நாள் செலவழித்தால் தெரிந்துவிடும்.

எந்த கேட்டுக்குள் நுழையப் போகிறீர்கள்?

கம்பெனியின் பெயர்ப்பலகை அவினாசி ரோட்டில் இருக்கும், தொழிற்சாலை வேறெங்கோ இருக்கும். ஹெச்.ஆரிடம் முதலில் கேட்க வேண்டியது, தினமும் எந்த கேட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதை. அந்த கேட்டின் லொகேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அடுத்து, ஆறு மாதத்தில் வேறு யூனிட்டுக்கு மாற்றுவார்களா என்று கேளுங்கள். நூற்பாலை, வார்ப்படம், பம்பு, பின்னலாடை எதுவானாலும் ஒரே முதலாளிக்கு மூன்று நான்கு யூனிட் இருப்பது இங்கே சாதாரணம். அரசூரை நம்பி வீடு பிடித்தவரைக் கிணத்துக்கடவுக்கு மாற்றினால், கோவையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வண்டி ஓட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, கம்பெனி பஸ். "பஸ் இருக்குதுங்க" என்ற பதிலோடு விடாதீர்கள். எந்த ஸ்டாப், எத்தனை மணி, எந்த ஷிப்டுக்கு என்று கேளுங்கள். ஜெனரல் ஷிப்டுக்கு மட்டும் பஸ் விடும் இடங்கள் நிறைய. மில்லில் ஆறு மணி, இரண்டு மணி, பத்து மணி என்று மூன்று முறை ஷிப்ட் மாறும். இரவு பத்து மணிக்கு கேட்டைத் தாண்டி வெளியே வருகிறவருக்கு அந்த ரோட்டில் டவுன் பஸ் உண்டா என்பதில்தான் வீடு எங்கே பார்ப்பது என்பதே அடங்கியிருக்கிறது.

திருப்பூர் பனியன் கம்பெனி வேலை என்றால் 'ஷிப்ட்' என்ற சொல்லுக்கே பொருள் வேறு. அங்கே ஷிப்ட் என்பது எட்டு மணி நேரக் கூலியின் அளவு. காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்பினால் அது 'ஒன்றரை ஷிப்ட்'. "மாசம் இருபதாயிரம் வரும்" என்று ஆள் பிடிக்கிறவர் சொல்வது இந்த ஒன்றரை ஷிப்டை வைத்துத்தான். ஷிப்டுக்கு 520 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாளும் ஒன்றரை ஷிப்ட் ஓடினால் 20,280 ரூபாய். ஆர்டர் குறைந்த மாதத்தில் ஒற்றை ஷிப்டுதான் என்றால் 13,520. அதிலும் வாரம் நான்கு நாள்தான் வேலை என்று வந்து 17 நாள் மட்டும் போனால் 8,840. வாடகை மட்டும் எந்த மாதமும் குறையாது. அதனால் ஒற்றை ஷிப்ட் பணத்தில் வாடகையும் அரிசியும் ஓடுமா என்று பாருங்கள். மீதி அரை ஷிப்ட் வந்தால் அதைச் சேமிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

டெய்லர் வேலைக்குப் போகிறவர் பீஸ் ரேட்டா ஷிப்ட் ரேட்டா என்றும், கூலி தருவது கம்பெனியா பவர் டேபிள் கான்ட்ராக்டரா (கம்பெனியிடம் தையல் வேலையை எடுத்து, ஆள் வைத்துச் செய்துகொடுப்பவர்) என்றும் கேட்டாக வேண்டும். கான்ட்ராக்டர்தான் என்றால், பி.எஃப்., இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எண்கள் கைக்கு வரும்வரை அவை இல்லை என்றே கணக்கில் எழுதுங்கள்.

இஎஸ்ஐ பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குத்தான் அது உண்டு. தொழிலாளியிடம் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். 20,500 தரும் இடத்தையும் 22,000 தரும் இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் கண்ணுக்கு 1,500 ரூபாய் மட்டும்தான் தெரியும். உங்களை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்குச் சர்க்கரையோ இதயநோயோ இருந்து, வீடு சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் தூரத்தில் அமைந்தால், குறைந்த சம்பளம்தான் லாபமான சம்பளம்.

கையில் நிற்பது எவ்வளவு?

ஒரு நோட்டில் போட்டுப் பாருங்கள். சொந்த ஊரில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு கையில் 13,000 வாங்குகிறவருக்குப் பெருந்துறையில் 24,000 ரூபாய் வேலை வருகிறது என்று வைப்போம். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று காட்டியிருந்தால் 12 சதவீதம் பி.எஃப். 1,800 போகும், மிச்சம் 22,200. வாடகை 7,000. குடிக்கக் கேன் தண்ணீர் 500. வேலைக்கு ஒரு வழி 14 கிலோமீட்டர் என்றால் மாதம் 728 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கும் வண்டியில், பெட்ரோல் 102 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 1,650. மாதம் இரண்டு முறை ஊருக்குப் போய்வர 1,400. ஊரில் தோட்டத்திலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் சும்மா வந்த தேங்காய், கீரை, அரிசிக்கு இங்கே காசு கொடுத்தாக வேண்டும், அது 1,500. மொத்தம் 12,050. கையில் நிற்பது 10,150. பதினோராயிரம் அதிகம் என்று வந்தவர் மாதம் 2,850 குறைவாக வாங்குகிறார்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுவது இரண்டாவது சம்பளம். பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங், மில்லில் ரீலிங், மருத்துவமனை, பள்ளிக்கூடம், ஐ.டி. அலுவலகம் என்று பெண்களுக்கான வேலை கொங்குப் பக்கத்தில் தாராளமாக உண்டு. குடும்பத்தில் இன்னொருவர் சம்பாதித்தால் மேலே சொன்ன நஷ்டம் லாபமாகிவிடும். அதனால் கணவனுக்கு வேலை உறுதியானதும் ஓடி வந்து வீடு பிடிக்காமல், மனைவிக்கும் அதே ரோட்டில் வேலை கிடைக்குமா என்று முதல் பயணத்திலேயே விசாரியுங்கள். பெண்களுக்கு அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் கட்டணமில்லை. ஆனால் இந்தப் பகுதியில் தனியார் டவுன் பஸ்களும் ஏராளம், அதில் டிக்கெட் எடுத்தே தீர வேண்டும். புறநகர் பஸ்ஸிலும் அப்படித்தான். உங்கள் ரோட்டில் காலை எட்டு மணிக்கு எந்த பஸ் வருகிறது என்று நின்று பார்க்காமல் 'பஸ் இலவசம்' என்று எழுதிவிடாதீர்கள்.

அட்வான்ஸ், சாமான் ஏற்றிவரும் வண்டி, பள்ளிக் கட்டணம் ஆகிய ஒருமுறைச் செலவை 24ஆல் வகுத்து மாதக் கணக்கில் சேர்ப்பது நல்லது. இரண்டு வருடம்கூட இருக்க மாட்டோம் என்று தோன்றினால் 12ஆல் வகுங்கள். தொகை பயமுறுத்தும், ஆனால் உண்மை அதுதான்.

போய்ப் பார்க்கிற நாள்

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளிலும் போகாதீர்கள். சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கம் தறி ஓடாத நாளில் போனால் ஊர் கோயில் போல அமைதியாக இருக்கும், மயங்கிப்போய் அட்வான்ஸ் கொடுத்துவிடுவீர்கள். மறுநாள் விடியும்போது சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு தறி ஓடும். சத்தம் பழகிவிடும் என்பார்கள். பெரியவர்களுக்குப் பழகிவிடும்தான், கைக்குழந்தைக்கும் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவருக்கும் பழகாது.

செவ்வாய் அல்லது புதன்கிழமை காரில்லாமல், நாளைக்கு நீங்கள் எப்படிப் போவீர்களோ அப்படி பஸ்ஸிலேயே போய் இறங்குங்கள். காலை ஷிப்ட் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வீடு பார்க்கப் போகும் பகுதியிலிருந்து கிளம்பி, கேட் வரைக்கும் போய்ச் சேர எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தில் பாருங்கள். சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரத்தில் அதே கேட்டின் எதிரே டீக்கடையில் உட்காருங்கள். வெளியே வருகிறவர்கள் எந்தத் திசையில் போகிறார்கள், எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை பேர் வண்டியில் போகிறார்கள் என்று பார்த்தால், வீடு எங்கே கிடைக்கும் என்று புரோக்கர் இல்லாமலே தெரிந்துவிடும். பிறகு கடைசி பஸ்ஸுக்காகக் காத்திருங்கள். பலகையில் 10.20 என்று எழுதியிருக்கும் பஸ், கூட்டம் இல்லாத நாளில் வராமலே போகலாம். இரவு அங்கேயே லாட்ஜில் தங்குங்கள்.

ரயில் உண்டு என்று யாராவது சொன்னால் ஸ்டேஷனுக்கு நடந்து பாருங்கள். ரயில்வே அகராதியில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் 'ரோடு' என்று இருந்தால் ஊர் ஸ்டேஷனிலிருந்து தள்ளி இருக்கிறது என்று பொருள். சூலூர் ரோடு அப்படித்தான். சூலூர் திருச்சி ரோட்டில் இருக்கிறது, ஸ்டேஷன் வேறு பக்கம். துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை வழியாகப் போகும் மேட்டுப்பாளையம் ரயிலும், இருகூர், சோமனூர், வஞ்சிபாளையம், திருப்பூர், ஊத்துக்குளி வழியாக ஈரோட்டுக்குப் போகும் ரயில்களும் ஷிப்ட் நேரத்தோடு ஒத்துப்போனால் அதைப் போல மலிவு வேறில்லை. ஒத்துப்போகவில்லை என்றால் மறந்துவிடுங்கள்.

அந்த ஊருக்கேதான் குடி போக வேண்டுமா என்பதையும் இந்தப் பயணத்தில் முடிவு செய்துகொள்ளலாம். சிங்காநல்லூரிலோ பீளமேட்டிலோ இருந்துகொண்டு நீலாம்பூருக்கோ சூலூருக்கோ போகிறவர், காலையில் நகரத்துக்குள் வரும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிறார். 2025 அக்டோபரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்த பிறகு அவினாசி ரோட்டில் இது இன்னும் எளிது. வாடகை கூடும், ஆனால் பள்ளி, ஆஸ்பத்திரி, இரண்டாவது வேலை எல்லாம் கிட்டத்தில் இருக்கும். ஷிப்ட் ஜெனரலாக இருந்தால் மட்டுமே இந்த யோசனை. சுழற்சி ஷிப்டில் மாட்டியவர் கேட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதுதான் உடம்புக்கு நல்லது.

தண்ணீர்

"சிறுவாணித் தண்ணி வருதுங்க" என்பது கோவைப் பக்கம் வீட்டுக்காரர்களின் பெருமை. வந்தால் பெருமைதான். ஆனால் அந்தத் தண்ணீர் எல்லாப் பகுதிக்கும் போவதில்லை. பில்லூர்த் திட்டங்களின் பவானித் தண்ணீர் குடிக்கிற பகுதிகளும் உண்டு, போர்வெல்லை மட்டுமே நம்பியிருக்கும் லேஅவுட்டுகளும் உண்டு. பெயரைக் கேட்காமல், "எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுங்க, எத்தன மணி நேரம், பகலா ராத்திரியா?" என்று கேளுங்கள். நாள் கணக்குக்கு நேரான பதில் வராமல் "அதெல்லாம் பிரச்சனையே இல்லீங்க" என்று வந்தால், பிரச்சினை இருக்கிறது.

அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டு 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதைச் சொல்லி மனை விற்கிறவர்களும் வீடு காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பவானியின் உபரி நீரைக் கொண்டுவந்து 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம். நிலத்தடி நீர் ஊறும், போர்வெல்லுக்கு நல்லது. உங்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர் அது இல்லை.

நல்ல தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வருகிறது என்றால் கணக்கு இப்படி. நால்வர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் என்று வைத்தாலே 200 லிட்டர் பிடித்துவைக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் குடம் 12 முதல் 15 லிட்டர் பிடிக்கும், ஆக பதினைந்து குடம். சமையலறையில் பதினைந்து குடம் வைக்க இடம் உண்டா என்று பாருங்கள், அல்லது நல்ல தண்ணீருக்குத் தனித் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் விடும் நேரம் பகல் பதினொரு மணி, வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் யார் பிடிப்பது? பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவைக்கும் அளவுக்கு உறவு வர மூன்று மாதமாவது ஆகும்.

உப்புத் தண்ணீரைச் சோதிக்க, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிட்டு, டம்ளரில் பிடித்து மீட்டரை முக்குங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. 500க்குள் இருந்தால் கொண்டாடுங்கள். 1,000 தாண்டினால் குடிக்க வேறு தண்ணீர் பாருங்கள். 1,500க்கு மேல் என்றால் ஹீட்டர் சுருளில் சுண்ணாம்பு ஏறும், ஆர்.ஓ. மெம்பிரேன் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும், சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் பிரியும், அந்தச் செலவும் வாடகையில் சேர்த்தி. மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். மீட்டர் கையில் இல்லாவிட்டால் குளியலறைக் குழாயின் வாயைத் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு சொரசொரவென்று கையில் தட்டுப்படும். புது பெயின்ட் அடித்த வீட்டில் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு இந்தக் குழாய் வாயைப் பாருங்கள், அதற்குப் பெயின்ட் அடிக்க முடியாது.

நொய்யல் ஓரம், குறிப்பாகத் திருப்பூருக்குக் கிழக்கே, சாயத் தண்ணீர் பல காலம் ஆற்றில் போனது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் கழிவுநீரைச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு நிலைமை மாறியது என்றாலும், மண்ணுக்குள் இறங்கிய உப்பு அங்கேயேதான் இருக்கும். அந்தப் பக்கம் வீடு என்றால் போர் தண்ணீரைச் சோதிக்காமல் கை நனைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு குறுக்கு வழி. தெருமுனை மளிகைக் கடையில் ஒரு டீத்தூள் பாக்கெட் வாங்கிக்கொண்டு, "கேன் தண்ணி ஒரு வீட்டுக்கு வாரம் எத்தன போடறீங்க?" என்று கேளுங்கள். ஒன்று என்றால் ஊர்த் தண்ணீர் குடிக்கும்படி இருக்கிறது. நான்கு என்றால் இல்லை.

காற்று எந்தப் பக்கமிருந்து?

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்பதே இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்று பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி வரை ஆளைத் தள்ளும், காற்றாலைகள் அங்கே நிற்பது சும்மா இல்லை. வார்ப்படப் பட்டறை, சாயப்பட்டறை, கோழிப்பண்ணை, குப்பைக் கிடங்கு எதுவாக இருந்தாலும், அதற்குக் கிழக்கே உள்ள வீட்டுக்கு அந்த மாதங்களில் புகையும் நாற்றமும் ஈயும் வந்துசேரும். மேற்கே இருந்தால் தப்பிக்கலாம். தை மாதம் வீடு பார்த்தவருக்கு இது தெரியாது, ஆடியில் தெரியும். போனில் மேப்பைத் திறந்து, வீட்டுக்கு மேற்கே ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

தடாகம், மருதமலை அடிவாரம், பெரியநாயக்கன்பாளையத்து மலையோரம் ஆகிய இடங்களில் வாடகையும் குளிர்ச்சியும் கவர்ச்சியாக இருக்கும். அங்கே யானைகள் இறங்கும். இரவு ஷிப்ட் முடிந்து டூவீலரில் திரும்புகிறவருக்கு அந்தப் பகுதி வேண்டாம்.

வீட்டுக்காரரிடம்

"ஏனுங், சொந்த ஊரு எதுங்க? எத்தன பேருங்க இருப்பீங்க? கறி மீனு ஆக்குவீங்களா?" என்று வரிசையாகக் கேள்விகள் வரும். குரலில் அத்தனை மரியாதை இருக்கும், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "பாத்துச் சொல்றனுங்க" என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் அர்த்தம். நாலாவது கேள்வியாக "நீங்க என்ன ஆளுங்க?" என்று சாதியைக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்பது தவறு, பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. பேச்சு அதற்குப் பிறகு இழுபட்டால் அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். பல ஊர்க்காரர்கள் கலந்து வாழும் புது லேஅவுட்டிலும் அடுக்குமாடிகளிலும் இந்தக் கேள்வி குறைவு, பழைய வளவுகளில் அதிகம்.

வீட்டு வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். அதில் மாநகராட்சியா, நகராட்சியா, பேரூராட்சியா, ஊராட்சியா என்று இருக்கும். 2011இல் சரவணம்பட்டி, துடியலூர், வடவள்ளி, குனியமுத்தூர் எல்லாம் கோவை மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. ஆனால் அதே ரோட்டில் கொஞ்சம் தள்ளி ஊராட்சி தொடங்கிவிடும். குப்பை வண்டி, தெருவிளக்கு, சாக்கடை எல்லாம் இந்தக் கோட்டைப் பொறுத்தே மாறும். பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் செப்டிக் டேங்க் லாரி சந்துக்குள் நுழையுமா என்று பாருங்கள்.

மின்சாரத்தில்தான் லைன் வீடுகளில் (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள்) குடியிருப்பவர்கள் ஏமாறுகிறார்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஐந்து வீட்டுக்கு ஒரே மீட்டர் என்றால் அந்த 100 யூனிட் ஐந்து பேருக்கும் சேர்த்துத்தான், மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டண அடுக்கே மாறிவிடும். சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இத்தனை என்று வாங்குவார்கள். தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு மாதம் ஐந்நூறு கூடக் கொடுத்தாலும் பல சமயம் அதுவே லாபம்.

அட்வான்ஸாக ஐந்து மாத வாடகை, பத்து மாத வாடகை கேட்பதெல்லாம் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் ஆக வேண்டும். சட்டத்தைக் காட்டிப் பேரம் பேசினால் வீடு கிடைக்காது. ஆனால் எழுத்தில் கேட்டால் மறுக்க மாட்டார்கள். காலி செய்யும்போது பெயின்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், யூனிட் என்ன விலை, மோட்டார் கரண்ட் யார் கணக்கு என்ற நான்கும் அதில் இருக்கட்டும். அட்வான்ஸை வங்கி வழியாக அனுப்புங்கள்.

ஒரு பேரம் மட்டும் பலிக்கும். ஆடியிலும் மார்கழியிலும் இங்கே யாரும் வீடு மாற மாட்டார்கள். டூலெட் பலகை தொங்கிக்கொண்டே இருக்கும். அந்த மாதங்களில் பேசி முடித்து, ஆவணியிலோ தையிலோ பால் காய்ச்சுகிறேன் என்று சொன்னால் வாடகையில் ஐந்நூறாவது இறங்குவார்.

எந்த மாதம், யார் முதலில்?

பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் குடும்பத்தை நகர்த்தாதீர்கள். சிபிஎஸ்இ-யில் ஒன்பதிலும் பதினொன்றிலும் பெயர் பதிவாகிவிடுவதால் நடுவில் மாற்றுவது தலைவலி. மற்ற வகுப்புகளுக்கு ஜூன் மாதமே சரி. அரசுப் பள்ளி என்றால் ஆண்டின் நடுவிலும் டி.சி.யும் எமிஸ் எண்ணும் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் அடையாள எண்) இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள்.

இப்போது இருக்கும் வேலையில் ஐந்து வருடம் முடியச் சில மாதங்களே பாக்கி என்றால், பணிக்கொடைக்காகக் காத்திருக்கலாமா என்று யோசியுங்கள். தீபாவளி போனஸ் கிடைக்கும் முன் வேலையை விடாதீர்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போன கூட்டம் முழுசாகத் திரும்புவதில்லை என்பதால் அதற்குப் பிந்தைய வாரங்களில் திருப்பூரிலும் மில்களிலும் ஆள் தேடுவார்கள், கூலி பேச அதுவே நல்ல நேரம்.

வேலைக்குச் சேர்கிறவர் மட்டும் முதலில் வந்து ரூமிலோ கம்பெனி விடுதியிலோ குறைந்தது 45 நாள் இருக்கட்டும். முதல் சம்பளம் சொன்ன தேதியில், சொன்ன தொகையில் வருகிறதா, பி.எஃப். எண் செயல்படத் தொடங்கியதா, ஞாயிறு விடுமுறை உண்மையில் விடுமுறையா, வீடு பார்த்த தெருவில் தண்ணீர் எத்தனை முறை வந்தது என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். முதல் சம்பளமே பத்து நாள் தள்ளிப்போனால் குடும்பத்தைக் கூட்டி வராதீர்கள். தண்ணீர், கடைசி பஸ், ஒற்றை ஷிப்ட் கணக்கு, இந்த மூன்றில் இரண்டு தேறாவிட்டால் சம்பளம் எவ்வளவு கூடினாலும் தனியாளாக இருந்து பார்க்கலாமே தவிர, வீடு பிடிக்க வேண்டாம்.

தேறிவிட்டால் வண்டி ஏற்றுவதற்கு முன் கேஸ் ஏஜென்சிக்குப் போங்கள். வேறு ஊருக்கு மாறும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து மாறுதல் சீட்டும் டெபாசிட் பணமும் வாங்கிக்கொண்டு, புது ஊர் ஏஜென்சியில் அந்தச் சீட்டைக் கொடுத்துப் புதிதாக எடுக்க வேண்டும். சிலிண்டரைச் சாமானோடு ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினால் அங்கே மாற்றித் தர மாட்டார்கள். இடைப்பட்ட நாட்களுக்கு 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம், அதற்கு முகவரிச் சான்று கேட்பதில்லை, அடையாள அட்டை போதும். ரேஷன் கார்டை உடனே மாற்ற முடியாவிட்டாலும் மாநிலத்துக்குள் எந்தக் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். மாதத்தின் முதல் வாரத்திலேயே போனால் பருப்பும் பாமாயிலும் கிடைக்கும், கடைசி வாரம் போனால் அரிசி மட்டும்தான் மிச்சம் இருக்கும்.